ஏழாம் போத்தல்

எங்கள் வீட்டில் சாமான்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒன்று என்றால் பருப்பு. இரண்டு செத்தல் மிளகாய். மூன்று மல்லி. ஒன்பது கடுகு. பன்னிரண்டு சீனி, அதை அம்மாவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. "ஒன்பதில கொஞ்சம் எடுத்து எண்ணெய்க்குள்ள போடு" என்று அம்மா சொல்லும்போது வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்பாடு சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் ஊறும். ஏழாம் நம்பர் தேசிக்காய் ஊறுகாய்.

நம்பர் போட்டவர் அப்பா. அவர் துறைமுகத்து டொக்யாட்டில் களஞ்சியப் பொறுப்பாளர். திருகாணியிலிருந்து நங்கூரச் சங்கிலி வரை நம்பர் போட்டு வைத்துப் பழகிய மனிதர் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவர்களுடைய பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் கதிரை, மேசை, அலுமாரி என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே வைக்கோலில் சுற்றிய பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்கள். அகன்ற வாய், தடித்த கண்ணாடி, கண்ணாடியாலேயே மூடி. மூடிக்கும் வாய்க்கும் இடையே சிவப்பு றப்பர் வளையம். கம்பிக் கொக்கியை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அலுமாரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த அம்மா இரண்டு நாள் அப்பாவோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா ஒரு போத்தலைக் கழுவி, காயவைத்து, செத்தல் மிளகாயைப் போட்டுப் பார்த்தார். மாரி முடிந்து திறந்தபோது மிளகாய் வறுத்ததுபோல மொறுமொறுவென்று இருந்தது. துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கடற்காற்று எங்கள் தகரப் பேணிகளை ஒரு வருடத்தில் தின்று முடித்துவிடும். உப்பு கசிந்து ஓடும், சீனி பாறையாகும், பருப்பில் பூச்சி பிடிக்கும். அம்மாவுக்குக் கோபம் போய்விட்டது. அப்பா வெள்ளை மையால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினார். சாமான் அறையில், குசினிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன அறையில், சுவரோடு பலகை இறாக்கை அடித்து வரிசையாக வைத்தார்கள். அதன் பிறகு அம்மா அந்த அறையைக் கோயில் மாதிரித்தான் வைத்திருந்தார்.

கோயில் என்றால் சட்டமும் இருக்கும். கை காய்ந்திருக்க வேண்டும். மரக்கரண்டி மட்டும்தான், அதுவும் வெயிலில் காய்ந்தது. எடுத்ததும் மூட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. நாங்கள் அதைத் துடக்கு என்போம். மூன்று நாள் பின்விறாந்தையில் பாயும் தட்டும் தனியாக வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். துடக்கோடு தொட்டால் ஊறுகாய் பழுதாகும் என்பதில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நானும் பெரியவளான நாளிலிருந்து அப்படித்தான் விறாந்தையில் இருந்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அண்ணனுக்குக் கந்தளாயில் பெண் எடுத்தார்கள். வயல்காரக் குடும்பம். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம், அவளும் நம்மை மச்சாள் என்பாள். மச்சாள் வந்த மூன்றாம் நாளே பன்னிரண்டு நம்பரையும் பாடமாக்கிவிட்டாள். "ஆறு?" என்று நான் சோதிப்பேன். "வெந்தயம்" என்பாள், தேங்காய் திருவியபடியே. அம்மாவுக்கு அவளை அப்படிப் பிடித்துப்போய்விட்டது. பெற்ற மகள் நான் இத்தனை வருடமாக நான்கையும் ஐந்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எனக்குப் பிறகு இந்த இறாக்கை உனக்குத்தான் பிள்ளை" என்று அவளிடம் ஒருநாள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் எரிந்தது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் பிறகு நான் வாயைத் திறந்திருப்பேனோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அந்த வருடம் கோடைக் கச்சான் காற்று வீசத் தொடங்கிய நேரம் மச்சாளின் தகப்பனார் ஒரு சாக்கு நிறையத் தேசிக்காய் கொண்டுவந்தார். சொந்த மரத்துக் காய், தோல் மெல்லியது, சாறு நிறைந்தது. அம்மாவும் மச்சாளும் ஒரு பகல் முழுவதும் இருந்து காயை நாலாகக் கீறி, நிலாவெளி உப்பை அடைத்து, ஏழாம் போத்தலில் இறக்கினார்கள். ஏழு நாள் வெயிலில் வைக்க வேண்டும், பிறகு உள்ளே வைத்து நாற்பது நாள் திறக்கக்கூடாது. போத்தல் முற்றத்தில் ஒரு பலகை மேல் இருந்தது. வெயில் படும்படி மூடியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள். காகத்துக்கும், கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவெல்லாம் உலாவ வரும் மான்களுக்கும் காவலாக என்னை இருத்தினார்கள்.

ஐந்தாம் நாள் மச்சாளுக்குத் துடக்கு வந்தது. அவள் பின்விறாந்தைக்குப் போய்விட்டாள். அன்று அம்மா ஒரு செத்த வீட்டுக்குப் போனார், அப்பாவும் அண்ணனும் வேலையில். "மழை கிழை வந்தால் போத்தலை உள்ளுக்கு எடு" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த மாதத்தில் எங்கே மழை என்று நினைத்தேன். அடுத்த வீட்டில் புதிதாக ரேடியோ வாங்கியிருந்தார்கள். இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு வருவோம் என்று வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். இரண்டு பாட்டு எட்டுப் பாட்டு ஆயிற்று. திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து, கல்லெறிந்ததுபோல மழை கொட்டியது. நான் நனைந்து ஓடிவந்தபோது முற்றத்துப் பலகை வெறுமையாக இருந்தது. போத்தல் முன்விறாந்தையில் இருந்தது. மச்சாள் பின்விறாந்தையில் தன் பாயில் நின்றபடி தலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தனான் மச்சாள். கூப்பிட்டுப் பார்த்தன், உங்களைக் காணேல்லை" என்றாள்.

"அம்மாட்ட சொல்லாதேங்கோ" என்றேன். நான் அடுத்த வீட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவள் அந்த வாக்கைக் காப்பாற்றினாள். ஆனால் தன்னுடைய பங்கை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. பின்னேரம் அம்மா வந்து படலையைத் திறந்ததும், பாயை விட்டு இறங்காமலேயே சொல்லிவிட்டாள்.

"மாமி, மழை வந்திட்டுது. ஒரு துளி உள்ளுக்குப் போக விடேல்லை. ஆனா போத்தலை நான்தான் தூக்கினனான்."

அம்மா "அப்ப இவள் எங்க போனவள்?" என்றார். "பள்ளிக்கூட அலுவலாப் போனவ மாமி" என்றாள் மச்சாள். அம்மா போத்தலின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "சரி, என்ன செய்யிறது. மழையில விட ஏலாதுதானே" என்றார். அதோடு அது முடிந்திருக்க வேண்டும். முடிந்தும் இருக்கும். போத்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் வெயில் பிடித்து, ஏழாம் நாள் மூடியைப் பூட்டி உள்ளே வைத்தார்கள். கண்ணாடிக்குள் காய்கள் பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் மத்தியானப் பூசைக்குக் கோயிலுக்குப் போவார். முதல் வெள்ளி நான் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்தேன். குசினியில் சோறு இருந்தது, பருப்புக்கறி இருந்தது. எனக்கு ஏழாம் நம்பர் வேண்டும் என்றிருந்தது. மச்சாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் சாமான் அறைக்குள் போய்க் கொக்கியைத் தூக்கினேன். ஒரே ஒரு காய். இன்னும் சரியாக ஊறாத காய், உப்பும் புளியும் கசப்பும் சேர்ந்து நாக்கைச் சுண்டியது. அப்படியொரு ருசியை நான் பிறகு எங்கும் கண்டதில்லை, அதுதான் வெட்கக்கேடு. தடயம் தெரியாமல் இருக்கக் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

அடுத்த வெள்ளியும் போனேன். மூன்றாம் வெள்ளியும் போனேன். அந்த மூன்றாம் தடவை அவசரம். படலைச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. காய்ந்த கரண்டியைத் தேட நேரமில்லாமல், கஞ்சி குடித்துவிட்டுக் கழுவிய கரண்டியைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே விட்டேன். விட்ட கணமே எனக்குத் தெரிந்தது. தண்ணீர் ஒரு சின்ன வளையமாகச் சாற்றின் மேல் பரவியதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். ஒரு சொட்டுத்தானே என்று மூடிவிட்டேன்.

ஊறுகாய் ஊறும்போது காய் தானாகவே கீழே இறங்கும். அதனால் மூன்று காய் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பூஞ்சணம் தெரிந்தது. பழைய மண்சாடியாக இருந்தால் நாற்பது நாள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரிந்திருக்கும். கண்ணாடிப் போத்தலில் அந்த மூன்றாம் வெள்ளி கழிந்து பத்து நாளிலேயே, சாற்றின் மேல் பஞ்சு விரித்ததுபோல, வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா போத்தலை யன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் மச்சாளும் வாசலில் நின்றோம்.

அம்மா முதலில் என்னைத்தான் கேட்டார்.

"நீ இதைத் திறந்தனீயோ?"

"இல்லை அம்மா."

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். புருசனுக்குச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூட அதிபருக்குச் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீடுகளில் சாப்பாடு நல்லாயிருந்தது என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்குச் சமமாக ஒன்றையும் சொன்னதில்லை.

அம்மா மச்சாளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லையே, அவள்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தாளே. மச்சாளே முன்னுக்கு வந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"நான் தொட்டதாலதான் மாமி. எனக்கு அண்டைக்கே மனம் சரியில்லை."

சத்தம் போடுகிற மாமியாராக அம்மா இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. ஊறுகாயை வேலிக்கரையில் குழி தோண்டிக் கொட்டினார். போத்தலைக் கவிழ்த்து வைத்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார், "இனிச் சாமான் அறை அலுவலை நான் பார்க்கிறன் பிள்ளை. நீங்கள் குசினியைப் பாருங்கோ."

அதுவரை அம்மா மச்சாளை நீ என்றுதான் கூப்பிட்டார், என்னைக் கூப்பிடுவதுபோல. அன்றிலிருந்து நீங்கள். சாகும்வரை நீங்கள்தான்.

நான் அன்று பின்னேரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு எனக்கு வசதியாக ஒரு யோசனை வந்தது. நான் தண்ணீர்க் கரண்டி விட்டது உண்மை, மச்சாள் துடக்கோடு தொட்டதும் உண்மை. எதனால் பழுதானது என்று யாருக்குத் தெரியும்? அம்மா சொல்வதும் சரியாக இருக்கலாமே. இந்தச் சாக்குப்போக்கை நான் நாலைந்து வருடம் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். திரும்பி வந்து நான் படிப்பித்த பாடங்களில் ஒன்று சுகாதாரம். 'ஈரம் பட்ட உணவில் பூஞ்சணம் வளரும்' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எழுதியதை வேண்டுமென்றே மெதுவாக அழிப்பேன்.

ஏழாம் போத்தலில் அம்மா பிறகு ஊறுகாய் போடவில்லை. மிஞ்சிய சவர்க்காரத் துண்டுகளைப் போட்டுக் கிணற்றடியில் வைத்தார். எங்கள் வீட்டில் ஏழு என்றால் சவர்க்காரம் என்று ஆயிற்று. நான் குளிக்கும் ஒவ்வொரு நாளும் அதைத் திறக்க வேண்டியிருந்தது.

அண்ணனும் மச்சாளும் ஒரு வருடத்துக்குள் அன்புவழிபுரத்தில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை எதுவும் இல்லை. அண்ணனுக்குத் துறைமுக வேலைக்குப் போக வசதி என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கிருந்து துறைமுகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து போவதைவிட இரண்டு மடங்கு தூரம். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். எனக்கும் கல்யாணமாகி, அதே தெருவில் அம்மாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தேன்.

பிறகு பஞ்ச காலம் வந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது என்றார்கள். மிளகாய் கிடையாது, பருப்பைக் கண்ணால் காண முடியாது, பாணுக்குச் சங்கக்கடை வாசலில் வரிசை. அம்மாவின் இறாக்கை அந்த நாட்களில் எங்கள் இரண்டு வீட்டையும் காப்பாற்றியது. ஒருநாள் நான் ஒரு பழைய ஜாம் போத்தல் நிறையச் செத்தல் மிளகாயும் கொஞ்சம் பயறும் எடுத்துக்கொண்டு அன்புவழிபுரம் போனேன். மச்சாள் வீட்டில் இல்லை. மகள், எட்டு வயது, அவித்த மரவள்ளிக் கிழங்கை உப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குசினியில் ஒரு போத்தல் இல்லை, ஒரு பேணி இல்லை. கடையில் சுற்றிக் கொடுத்த கடதாசிச் சுருள்கள் மட்டும் இரண்டு மூன்று கிடந்தன.

"எங்கட வீட்டில நாளைக்கு எண்டு ஒண்டும் இராது" என்று அண்ணன் சிரித்தான். "அண்டாடம் வாங்கி அண்டாடம் முடிக்கிறதுதான் உன்ர மச்சாளின்ர சட்டம்."

மச்சாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்தாள். மிளகாயைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வெயிலில் காயவைத்து மூடி வைத்தால் ஆறு மாதத்துக்கு வரும் என்று சொல்லிப் போத்தலை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"நீங்களே உங்கட கையால மேல வைச்சிட்டுப் போங்கோ மச்சாள். வேணுமெண்டேக்க இவரை எடுத்துத் தரச் சொல்லுறன். என்ர கை பட்டால் நிக்காது."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. எனக்குக் கிட்டப் பார்வை குறைவு என்று ஒருவர் சொல்வதுபோலச் சொன்னாள். அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், அம்மா அவளைக் குறை சொன்னார், அவள் பொறுத்துக்கொண்டாள், அது மாமி மருமகள் விவகாரம் என்றுதான். அவள் தன் கையைப் பற்றி அதை நம்பிவிட்டாள் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. அந்த நம்பிக்கையால்தான் இந்தப் பிள்ளை வெறும் கிழங்கு சாப்பிடுகிறது. நான் போத்தலை இறாக்கையில் வைத்தேன். தேத்தண்ணீர் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழும்பி வந்துவிட்டேன். பதினாறு வயதில் வாயைத் திறக்காததை மன்னிக்கலாம். இருபத்தெட்டு வயதில் அந்தத் தேத்தண்ணீரைக் குடித்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அம்மா இருக்கும்வரை எப்படிச் சொல்வது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது அந்தக் காரணமும் முடியப் போகிறது என்று தெரிந்தது. ஒரு காலை நான் அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முகட்டைப் பார்த்தபடி தானாகவே கதைத்தார்.

"கந்தளாய்ப் பிள்ளையின்ர கை மட்டும் சரியா இருந்திருந்தால் அந்தப் போத்தலெல்லாம் அவளுக்குத்தான் குடுத்திருப்பன். நல்ல பிள்ளை. என்ன செய்யிறது, நீயே எடுத்துக்கொள்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கடவுளே அமைத்துத் தந்திருக்க முடியாது. நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து மற்றக் காலைப் பிடித்துவிட்டேன். அந்த மாதமே அம்மா போய்விட்டார். பன்னிரண்டு போத்தலும் என் வீட்டுக்கு வந்தன.

அதற்கு அடுத்த வருடம் மச்சாளின் மகள் என்னிடம் வந்தாள். பதினாறு வயது, இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். நான் அவளுடைய அப்பாவின் தங்கை என்பதால் என்னை மாமி என்பாள்.

"மாமி, ஒரு போத்தல் தாங்கோ. மனையியல் பாடத்துக்கு ஊறுகாய் போட்டுக் காட்ட வேணும். இஞ்ச வைச்சே போடுறன். அம்மாட்ட சொல்லாதேங்கோ."

"ஏன், அம்மாவுக்கு என்ன?"

"எங்கட கைக்கு ஊறுகாய் சரிவராதாம்."

"எங்கட எண்டால் ஆர்?"

"அம்மான்ர கையும் என்ர கையும்தான்" என்றாள், இது தெரியாதா என்பதுபோல. "எனக்கும் அம்மான்ர கைதானாம். அம்மா சொல்லுறா."

'அம்மாட்ட சொல்லாதேங்கோ.' நான் சொன்ன அதே சொல். என் பொய் எனக்குத் தெரியாமலேயே ஒரு பிள்ளையின் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போத்தல் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஏழாம் போத்தலிலிருந்த சவர்க்காரத் துண்டுகளைக் கொட்டினேன். சாம்பலால் தேய்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றினேன், தேசித்தோலால் தேய்த்தேன். மணம் போகும்வரை ஐந்து நாள் வெயிலில் வைத்தேன். புது றப்பர் வளையம் போட்டேன். சனிக்கிழமை அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அன்புவழிபுரம் போனேன்.

மச்சாள் குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மகளை உள்ளே போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவளும் கேட்க வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன். துவாயை அவிழ்த்தேன். அப்பா எழுதிய ஏழு, பாதி அழிந்திருந்தாலும் தெரிந்தது.

"இது அந்தப் போத்தலோ?" என்றாள் மச்சாள்.

"ஓம். மச்சாள், அண்டைக்கு ஊறுகாய் பழுதாகினது உங்கட கையால இல்லை. நான் மூண்டு வெள்ளிக்கிழமை களவாத் திறந்து திண்டனான். கடைசித் தரம் ஈரக் கரண்டி விட்டனான். அதாலதான் பூஞ்சணம் பிடிச்சது. எனக்கு அண்டைக்கே தெரியும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இருபது வருடம் சுமந்ததைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. மச்சாளின் விரல்கள் ஒரு ஈர்க்கில் இலையை உருவிய இடத்திலேயே நின்றன. மகள் புத்தகத்தை மூடினாள்.

"மூண்டு தரமோ?" என்றாள் மச்சாள்.

"மூண்டு தரம்."

"மழை வந்த அண்டைக்கு?"

"நான் பக்கத்து வீட்டில பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "வேலிக்கு மேலால உங்கட பின்னல் தெரிஞ்சது. ஒரு பாட்டு எண்டாலும் கேட்கட்டும் எண்டுதான் திருப்பிக் கூப்பிடேல்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. தேற்றியிருந்தால் நான் அதையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் முருங்கையிலைச் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு, வெகு நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள், ஒரு கோபமும் இல்லாமல்.

"மாமி இருக்கேக்க சொல்லியிருக்கலாமே மச்சாள்."

  அவளுடைய கை நல்ல கை என்று ஒரேயொருவர் வாயால்தான் அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஒருவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நான் சும்மா இருந்தேன்.

மச்சாள் எழும்பினாள். மகளிடம் சந்தியில் போய் ஐம்பது தேசிக்காயும் உப்பும் வாங்கி வரச் சொன்னாள். கையைக் கழுவி, காய்ந்த துணியால் விரல் விரலாகத் துடைத்தாள். போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். நான் மூடியை எடுத்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"நீங்கள் கதிரையில இருங்கோ மச்சாள்" என்றாள். "இதில கை வைக்க வேண்டாம்."

நான் கதிரையில் இருந்தேன். மகள் காய்களோடு வந்தாள். இருவரும் நிலத்தில் இருந்து காயை நாலாகக் கீறினார்கள், உப்பு அடைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு காயும் பிசகவில்லை. எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள், வெறும் வயிற்றோடு விடவில்லை, மத்தியானம் சோறும் தந்தார்கள். பின்னேரம் நான் புறப்பட்டபோது போத்தல் முற்றத்தில் வெயிலில் இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு தள்ளியே நடந்தேன்.

அதன் பிறகு நான் மற்றப் பதினொரு போத்தலையும் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். மச்சாள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அவளிடமிருந்து கதை இல்லை. பிறகு ஒருநாள் மகள் வந்தாள். ஊறுகாய்க்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் என்றாள். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். பொன்னிறமான காய்கள், தெளிந்த சாறு, மேலே ஒரு புள்ளிகூட இல்லை. மூடியில் ஒரு மரக்கரண்டி நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"அம்மா கரண்டியும் சேர்த்துத் தந்தவ" என்றாள் பிள்ளை. "மூண்டு நாள் வெயிலில காயவைச்சதாம். உங்களிட்டச் சொல்லச் சொன்னவ."

அவள் போன பிறகு நூலை அவிழ்த்தேன். கரண்டி எலும்புபோலக் காய்ந்திருந்தது. இருந்தாலும் சேலைத் தலைப்பால் அதை ஒருமுறை துடைத்தேன், பிறகு இன்னொரு முறையும் துடைத்தேன்.